வாய்க்காலைத் தாண்டிய உளுந்து

போன வாரம் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள திரிங்காப்பிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவள், நான் வேலை பார்த்த விவசாய ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். படத்தில் வாடிப்போன ஒரு சாலட் கீரை. அதன் அடித்தண்டைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம், பூசணத்துக்குள் சில கறுப்பு மணிகள். "அக்கா, இது எலிப் புழுக்கையா, ஏதும் விதையா? போன்ல இருக்கிற ஆப் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேரு சொல்லுது," என்று கேட்டிருந்தாள்.

ஓய்வு பெற்றவளுக்கு இப்படி ஒரு வாய்ப்பு தினமுமா கிடைக்கும்? "அது செய்வினை. பக்கத்துத் தோட்டத்துக்கு மட்டும் எறிஞ்சிடாதே," என்று பதில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் போன் வந்தது. "அக்கா, சீரியஸாவா சொல்றீங்க?" என்றாள். சீரியஸாகத்தான் சொன்னேன் என்று முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னேன். எழுதி வையுங்கள் என்றாள். ஆபீசில் இருந்தவரை நான் எழுதியதெல்லாம் அறிக்கை, அதில் சிரிக்க இடமில்லை. இதில் கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன்.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா கட்டை தோண்டும் கும்பலில் இருந்தார். பழைய நிழல் மரத்தை வெட்டிவிட்டுக் கட்டையை மண்ணிலேயே விட்டால், அதன் வேரில் இருக்கும் பூஞ்சணம் மெல்ல நகர்ந்து தேயிலை வேரைப் பிடிக்கும். செடிகள் வட்டமாகக் காயும், வட்டம் வருஷா வருஷம் பெரிதாகும். அதனால் துரை கட்டையை வேரோடு தோண்டச் சொல்வார். அப்பா சாப்பிடும்போதும் கட்டையைப் பற்றித்தான் பேசுவார். இந்த மனுஷன் என் முகத்தைவிடக் கட்டையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார் என்பது அம்மாவின் நிரந்தரப் புகார்.

படிப்பு முடித்துக் கீழ்நாட்டில் பயிற்சிக்குப் போனேன். நெல்லையும் எண்ணெய் எடுக்கும் செம்பனையையும் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டும் விளையாத மலைக்கே வேலைக்குத் திரும்பினேன். அரசாங்கத்தின் கணக்கு அப்படி. கோஸையும் சாலட்டையும் தக்காளியையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் மேலதிகாரி புவான் ரொஹானாதான்.

புவான் என்றால் மலாயில் 'அம்மையார்'. அவர் வடக்கே கெடா மாநிலத்துக்காரர். மெல்லிய குரல். யாரையும் "தப்பு" என்று சொல்லமாட்டார். நிலா சதுரமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னாலும், "அப்படியா, எங்கே நின்று பார்த்தீர்கள்?" என்று அக்கறையாகக் கேட்பார். அவர் பேசுவது மலாய். இங்கே நான் தமிழில் சொல்கிறேன், அந்தப் பணிவு பாதி காணாமல் போயிருக்கும்.

ஒரு தோட்டத்துக்குப் போனால் அவர் உடனே செடியைப் பார்க்கமாட்டார். காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். கொடுத்த தேத்தண்ணியை முழுசாகக் குடிப்பார். பிறகு லோரியிலிருந்து வாளியும் பிரஷும் வரும். பூட்ஸின் அடியை, வரிப்பள்ளம் விடாமல், தேய்த்துக் கழுவுவார். உள்ளே போகும் முன் ஒரு தடவை, வெளியே வந்ததும் ஒரு தடவை. முந்தின தோட்டத்து மண்ணோடு அந்தத் தோட்டத்து நோயும் காலில் வரும் என்பது அவர் கொள்கை. இந்த அம்மா தோட்டத்துக்குள் போகிறாரா கோயிலுக்குள் போகிறாரா என்று சனங்கள் கேலி பேசுவார்கள்.

உள்ளே போனதும் முதலில் நன்றாக இருக்கும் செடிகளைத்தான் பார்ப்பார். தோட்டக்காரர் செத்த செடியைக் காட்டிக் காட்டிக் கை வலித்துப் போவார். புவான் திரும்பக்கூட மாட்டார். "செத்த செடியின்மேல் ஊரிலுள்ள பூசணமெல்லாம் குடியேறியிருக்கும் சரோ, அதில் கொன்றவனை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பார். நல்ல செடிக்கும் செத்த செடிக்கும் நடுவில், இப்போதுதான் முகம் வாடத் தொடங்கிய ஒன்றைத் தேடுவார். அதைப் பிடுங்காமல் வேரும் மண்ணுமாகத் தோண்டி எடுத்துப் பழைய பேப்பரில் சுற்றுவார். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். பேப்பர் கொண்டுபோவது என் பொறுப்பு. நான் தமிழ்ப் பேப்பர்தான் கொண்டுபோவேன். எங்கள் மலையின் பாதி நோய்கள் ராசிபலன் பக்கத்தில் சுற்றப்பட்டு ஆய்வுக்கூடம் போனவை.

இப்போது மாணிக்கத்தின் கதைக்கு வருகிறேன்.

ஒருநாள் கனகம் எனக்குப் போன் செய்தாள். எங்கள் லைனில் வளர்ந்த பெண். அவளுடைய அண்ணன் மாணிக்கமும் புருஷன் செல்வமும் தேயிலை வேலையை விட்டு, தோட்டத்துக்குக் கீழே திரிங்காப் சரிவில் பக்கத்துப் பக்கத்தில் காய்கறி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வாய்க்கால்தான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே உழவு மெஷினை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், நாற்று மிஞ்சினால் கொடுத்து வாங்குவார்கள். அப்படி ஓர் ஒட்டு.

"சரோக்கா, அண்ணன் எங்க வீட்டுக்கு வர்றதில்லக்கா. எங்க வீட்டுக்காரரு செய்வினை வச்சிட்டாருன்னு சொல்றாரு. இவரு, இல்ல, உங்கண்ணன்தான் எனக்கு வச்சாருன்னு சொல்றாரு. ரெண்டு பக்கமும் சாலட்டு சாயுது லா. தைப்பூசம் கழிஞ்சு பாப்பாவுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி இல்லாம எப்படிக்கா குத்துறது?"

அழுகிறாள் என்று தெரிந்தது. செய்வினைக்கும் விவசாய ஆபீசுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். சாலட் சாய்கிறது என்று அவள் சொல்லிவிட்டாளே, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு புவானையும் கூட்டிக்கொண்டு மறுநாளே போனேன்.

மாணிக்கம் எங்களைப் பார்த்ததும் மைலோ டின் ஒன்றைக் கொண்டுவந்து புவான் முன்னால் வைத்தான். உள்ளே பாதிக்குக் கறுப்பு மணிகள். செத்த ஒவ்வொரு செடியின் அடியிலும் பொறுக்கியதாம்.

"என்னா இது?" என்றேன்.

"உளுந்துக்கா. தோலோட கறுப்பு உளுந்து. ராகுவுக்கு வைக்கிறது. எந்தச் செடிக்கு அடியில இது இருக்கோ அந்தச் செடி சாயுது. ஈப்போல ஒருத்தர்கிட்டக் குறி கேட்டேன். சொந்தத்துல ஒருத்தரு, தண்ணிக்கு அந்தாண்ட இருக்கிறவருன்னு பளிச்சுன்னு சொல்லிட்டாரு."

கேமரன் மலையில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் சொந்தத்தில் ஒருத்தர் தண்ணிக்கு அந்தாண்டை இருப்பார். அதைச் சொல்ல ஈப்போ வரை போக வேண்டியதில்லை. ஆனால் மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கேலி வரவில்லை. நன்றாக இளைத்திருந்தான்.

"நீங்க சொன்னபடிதான்க்கா செஞ்சேன்," என்றான். "ஒரே பயிரு போடாதே, மாத்திப் போடுன்னு உங்க ஆபீசுலதானே சொன்னீங்க? சாலட்டு போட்டேன், சாஞ்சிச்சு. பீன்ஸ் போட்டேன், அதுவும் சாஞ்சிச்சு. கோஸு போட்டேன், தக்காளி போட்டேன். சுண்ணாம்பு போட்டேன். செத்ததை எல்லாம் வீணாக்காம உழுது மண்ணுலயே உரமாக்கினேன். இன்னும் என்னா செய்யணும்? இந்த மண்ணு போச்சுன்னா நான் மறுபடியும் லைனுக்குத்தான் போகணும்."

புவான் பூட்ஸைக் கழுவிவிட்டு உள்ளே போனார். வாடத் தொடங்கிய ஒரு செடியைத் தேடித் தோண்டினார். தண்டின் அடியில் வெள்ளைப் பஞ்சு. பஞ்சுக்குள் இன்னும் கறுக்காத, உருண்டு வரும் மணி. அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. எனக்கும்தான். அந்த மணிதான் பூஞ்சணத்தின் தூங்கும் உருவம். மண்ணுக்குள் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால், மேல்மண்ணில் இருப்பது கண் விழிக்கும். ஒன்று பக்கத்துத் தண்டைப் பிடிக்கும், இல்லை குட்டிக் கிண்ணம் மாதிரிக் காளான் விட்டுக் காற்றில் தூள் பறக்கவிடும். உழுது புதைத்தால் சாகாது, அடுத்த உழவு மறுபடி மேலே கொண்டுவரும். சாலட், பீன்ஸ், கோஸ், தக்காளி எல்லாமே அதற்குப் பிடித்த சாப்பாடு. மாணிக்கம் பயிரை மாற்றியது உண்மைதான். விருந்தாளி அதே ஆள், இவன் கறியை மாற்றி மாற்றிப் பரிமாறியிருக்கிறான். இதில் எங்கள் ஆபீசுக்கும் பங்குண்டு, மாற்றிப் போடு என்றோமே தவிர எதை எதற்கு மாற்றுவது என்று சொல்லவில்லை.

புவான் "இது உளுந்து இல்லை" என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவருக்குத்தான் "இல்லை" என்று வாயில் வராதே. பிளேடை எடுத்து ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துக் குறுக்கே வெட்டி நீட்டினார். வெளியே கறுப்புத் தோல், உள்ளே வெள்ளை.

மாணிக்கம் துள்ளிக் குதித்தான். "பாத்தீங்களா! பாத்தீங்களா! உளுந்துன்னா உளுந்துதான்!"

என் இத்தனை வருஷ வேலையில் ஒரு சோதனை இவ்வளவு வேகமாகக் காலை வாரி நான் பார்த்ததில்லை. புவான் அந்தப் பாதி மணியைத் தானே ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உளுந்து மாதிரித்தான் இருக்கிறது," என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, இந்த டின்னை என்னா செய்வே?" என்று மாணிக்கத்தைக் கேட்டேன்.

"வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பணுமாம்க்கா. குறிக்காரரு சொன்னாரு." டின்னைத் தூக்கிக்கொண்டு போனான். நாங்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஒரு கை நிறைய அள்ளி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், செல்வத்தின் பாத்தியில் வீசினான். வீசிய தோரணையில் நல்ல பழக்கம் தெரிந்தது.

புவான் ரொஹானா வாய்விட்டுக் கத்தியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன். "அலாமாக்!" நம் 'ஐயையோ'தான் அது.

வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு செல்வம் பக்கம் போனோம். அவன் மாணிக்கத்துக்குச் சின்னவன், அதிகம் பேசமாட்டான். அவனும் ஒரு டின் வைத்திருந்தான். அவன் பாத்தியில் உளுந்து கிடப்பதைப் பார்த்து அவனுக்கும் அதே சந்தேகம். யாரிடமும் குறி கேட்கவில்லை. பொறுக்கிப் பொறுக்கித் திருப்பி எறிந்திருக்கிறான். இப்படியே இருவரும் மாதக்கணக்கில் ஒருத்தர் தோட்டத்துக்கு ஒருத்தர் நோயை விதைத்திருக்கிறார்கள். அதுவும் சும்மா இல்லை, பொறுக்கி, சுத்தம் பார்த்து, நல்ல மணியாக விதைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் சாய்ந்தால், பார், செய்வினை திரும்பிப் போயிருச்சு என்று இந்தப் பக்கம் சந்தோஷம்.

"மொதல்ல எறிஞ்சது அவருதான்க்கா," என்றான் செல்வம். மாணிக்கத்திடம் கேட்டால், "அவன்தான் மொதல்ல," என்பான். வேறு எதைக் கேட்டாலும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது.

திரும்பும் வழியில் புவான் லோரியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். கடையில் ஒரு தேத்தண்ணியை முழுசாகக் குடித்தார். பிறகு, "உளுந்து என்றால் முளைக்க வேண்டும் இல்லையா சரோ?" என்றார்.

"மந்திரிச்ச உளுந்து முளைக்காதுன்னு சொல்லிருவான் புவான்."

"ம்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "அப்ப மந்திரிச்ச உளுந்தையும் ஒரு போத்தல்ல வைப்போமே."

புவான் என்னைப் பார்த்த பார்வையை எந்தப் பதவி உயர்வுக்கும் நான் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

மாணிக்கத்தையே மறுபடியும் ஈப்போவுக்கு அனுப்பினேன். கடையில் வாங்கிய கறுப்பு உளுந்தைக் கொண்டுபோய், ஒரு செடியைச் சாய்க்கும் அளவுக்கு நன்றாக மந்திரித்து வாங்கி வா என்றேன். குறிக்காரர் என்ன நினைத்தாரோ, மந்திரித்துக் கொடுத்துவிட்டார். புவான் போத்தல்களைக் கொதிநீரில் கழுவி, ஒவ்வொன்றிலும் ஈரப் பஞ்சின்மேல் ஒரு கேரட் துண்டு வைத்தார். ஒன்றில் கடை உளுந்து, ஒன்றில் மந்திரித்த உளுந்து, ஒன்றில் தோட்டத்து மணி. மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். மாணிக்கம் வீட்டுக்கு ஒரு செட், செல்வம் வீட்டுக்கு ஒரு செட். ஒருத்தர் போத்தலை மற்றவர் தொட முடியாது.

சில நாளில் கடை உளுந்து முளைத்தது. மந்திரித்த உளுந்து அதைவிட நன்றாக முளைத்தது. குறிக்காரர் கைராசி அப்படி. தோட்டத்து மணி முளைக்கவே இல்லை. ஆனால் அது தொட்ட கேரட்டில் வெள்ளைப் பஞ்சு ஏறி, போத்தல் நிறையப் படர்ந்து, பிறகு அந்தப் பஞ்சுக்குள்ளேயே புதுசாகக் கறுப்பு மணிகள் உருண்டன. இரண்டு வீட்டிலும் அதே மாதிரி.

மாணிக்கம் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். "டேப்பு ஒட்டினபடியே இருக்கு," என்றான். "உள்ள யாரும் எறியலயே. இது அதுவாவே குட்டி போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப மொதல்ல இது எங்கேருந்துக்கா வந்துச்சு?"

அதைப் புவானிடம் கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார். நாற்றோடு வந்திருக்கலாம். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே உழவு மெஷின், அதன் பல்லில் ஒட்டிய மண்ணோடு போயிருக்கலாம். அதாவது நல்லா இருந்த காலத்திலேயே இது இங்கேயும் அங்கேயும் போய் வந்திருக்கும். மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டான். இருந்தாலும் வாய்க்காலைத் தாண்டிப் போகவில்லை. செய்வினை இல்லை என்று ஆகிவிட்டது. மாதக்கணக்கில் எறிந்தது எறிந்ததுதானே, அதற்கு எந்த முகத்தோடு போவது?

இனி செய்ய வேண்டியதைப் புவான் விளக்கினார். நோய் வந்த செடியை உழக்கூடாது, சுற்றியுள்ள மண்ணோடு சாக்கில் அள்ளி எரிக்க வேண்டும். தண்ணீரைக் காலையில் விட வேண்டும், ராத்திரி முழுக்கச் செடி நனைந்து நிற்கக்கூடாது. இடைவெளி விட்டு நட வேண்டும். மெஷினைக் கழுவ வேண்டும். முக்கியமாக, அந்தப் பூஞ்சணம் சீண்டாத பயிர் போட வேண்டும். சோளமும் வெங்காயத்தாளும் மாற்றி மாற்றிச் சில போகம். அதுவும் இரண்டு தோட்டத்திலும் ஒரே சமயத்தில். ஒருத்தர் மட்டும் செய்தால் அந்தப் பக்கத்துத் தூள் காற்றில் இந்தப் பக்கம் வந்துவிடும்.

பேசாத இரண்டு பேரை ஒரே சமயத்தில் சோளம் போட வைப்பது எப்படி? சாலட் எடுக்கும் லோரிக்காரன் சோளத்தை ஏறெடுத்துப் பார்க்கமாட்டான், அதனால் இருவருக்கும் தயக்கம். கியா பார்ம் சந்தைக் கடைகளில் வேகவைத்த சோளத்துக்குச் சுற்றுலாக்காரர்கள் அடித்துக்கொள்வதைக் காட்டி, அந்தத் தயக்கத்தைப் பாதி குறைத்தேன். மீதிப் பாதிக்கு மாணிக்கத்திடம் போய், "செல்வம் சோள விதை வாங்கிட்டானே, உனக்குத் தெரியாதா?" என்றேன். நேரே வாய்க்காலைச் சுற்றிப் போய், "மாணிக்கம் விதை வாங்கிட்டானே, நீ இன்னும் வாங்கலயா?" என்று செல்வத்திடம் கேட்டேன். ஒரே காலையில் இருவரும் விதைத்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, நான் ஒன்றும் பிந்திப் போகவில்லை என்ற கர்வத்தோடு.

"யார் முதலில் விதை வாங்கியது சரோ?" என்று புவான் கேட்டார்.

"ரெண்டு பேருமே ரெண்டாவதா வாங்கினாங்க புவான்," என்றேன். அவர் மேலே விசாரிக்கவில்லை. நல்ல அதிகாரிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

சோளம் நன்றாக வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரம் நின்றது. அதனால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை. மண் தேறும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. மனுஷர்கள் விஷயத்தில் வரவில்லை. கனகம் அண்ணன் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாளாம். அவன் வாங்கி வைத்தானாம். வருகிறேன் என்று சொல்லவில்லையாம்.

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காதுகுத்து. பாப்பாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. பத்தர் ஊசியும் தோடும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமன் இடம் காலி. நேரமாகிறது என்றார் பூசாரி. கனகத்தின் பெரியம்மா மகன் ஒருத்தன் இருந்தான், முறைக்கு அவனும் மாமன்தான், அவன் மடியில் உட்கார வைக்கலாமே என்று நாலு பேர் சொன்னார்கள். கனகம் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"எங்கண்ணன் உயிரோட இருக்கும்போது இன்னொருத்தர் மடியில வைக்கமாட்டேன். காது குத்தாட்டி போவுது," என்றாள். செல்வம் தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூஞ்சணத்தைக் கண்டுபிடித்தோம், பிடிவாதத்துக்கு எங்கள் ஆபீசில் மருந்தில்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாணிக்கம் பட்டு வேட்டியில், மனைவி கையில் சீர்த்தட்டோடு வந்தான். நேராக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். கனகம் பிள்ளையை மடியில் வைத்தாள். பத்தர் ஒரு காதைக் குத்தினார். பாப்பா வீறிட்டதில் கோயில் அதிர்ந்தது. மாமனின் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

அப்படியே, பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, தூணைப் பார்த்துச் சொன்னான்: "மாப்ளே, மொதல்ல எறிஞ்சது நான்தான்."

கோயிலில் எல்லாருக்கும் கேட்டது. செல்வம் தூணைவிட்டு நகர்ந்தான். பிறகு வந்து மாணிக்கத்துக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் தலையை மெதுவாகப் பிடித்தான்.

"சரி மச்சான், இந்தாண்ட திருப்பிப் பிடிங்க," என்றான். "இன்னொரு காது இருக்கு."